தம்பிக்கு ஓட்டல் வேலை: மெஜஸ்டிக் லாட்ஜா, ஒயிட்ஃபீல்டா, மூன்று வருடப் படிப்பா?

ஆண்டர்சன்பேட்டைக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் கே.ஜி.எஃப்., அதாவது கோலார் தங்க வயல். அப்பா சாம்பியன் ரீஃபில் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்தவர். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். அப்போது எனக்கு ஐந்து வயது. அதற்கப்புறம் எங்கள் லைன் வீடுகளில், அதாவது சுரங்கத் தொழிலாளர் வரிசை வீடுகளில், பாதிப் பேருக்குப் பிழைப்பு பெங்களூர் போகும் மாரிக்குப்பம் ரயிலில்தான். நானும் தினம் அதில் ஏறி கன்டோன்மென்ட்டில் இறங்கி, ஒரு ஆபீசில் கணக்கு எழுதுகிறேன்.

தம்பி, எங்கள் வீட்டுக் கடைக்குட்டி, இந்த வருடம் பி.யூ.சி. (பிளஸ் டூ) முடித்தான். ஓட்டல் லைனில் போகிறேன் என்று ஒரே பிடிவாதம். முன்னால் மூன்று வழி இருக்கிறது.

மாமாவுக்குத் தெரிந்த ஒருவர் மூலம் மெஜஸ்டிக் பக்கம் ஒரு லாட்ஜில் ரூம் பாய் வேலை. 12,000 ரூபாய், சாப்பாடு, மொட்டை மாடியில் படுக்க இடம். இல்லையென்றால் ஒயிட்ஃபீல்டில் ஒரு பெரிய ஓட்டலில் ஹவுஸ்கீப்பிங். கான்ட்ராக்டர் மூலம், கையில் 16,500 வரும் என்கிறார்கள். மூன்றாவது, பெங்களூரில் ஒரு தனியார் கல்லூரியில் மூன்று வருட ஓட்டல் மேனேஜ்மென்ட். ஃபீஸ் நாலரை லட்சம். நோட்டீசில் 'நூறு சதவீதம் வேலை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். எந்த ரோட்டில் போனாலும் புது ஓட்டல் கட்டுகிறார்கள். தொழில் வளர்கிறது என்று பேப்பரிலும் வருகிறது. ஆனால் எங்கள் லைனிலிருந்து ஓட்டலுக்குப் போன பையன்கள் இரண்டே வருடத்தில் வேலையை விட்டுவிட்டு டெலிவரி பைக் ஓட்டுகிறார்கள். அப்படியானால் இந்தத் தொழிலில் உண்மையில் ஆள் எடுக்கிறார்களா, இல்லையா? உள்ளே இருப்பவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

சும்மாபடிக்கிறவன் எழுதியது:

பைக்கே ஓட்டட்டும் அக்கா. நான் நான்கு வருடம் ஒரு ஓட்டலில் ஸ்டூவர்டாக, அதாவது சாப்பாடு பரிமாறுபவனாக இருந்தேன். ப்ரேக் ஷிப்ட் என்றால் என்ன தெரியுமா? காலை ஏழிலிருந்து பதினொன்று வரை வேலை, அப்புறம் சாயங்காலம் ஏழிலிருந்து ராத்திரி பதினொன்று வரை. கணக்குக்கு எட்டு மணி நேரம்தான். நடுவில் இருக்கிற எட்டு மணி நேரத்துக்கு எங்கே போவது? ரூம் தூரத்தில், போய்த் திரும்ப பஸ் காசு. கப்பன் பார்க்கில் எந்த பெஞ்சில் எத்தனை மணிக்கு நிழல் வரும் என்று எனக்கு மனப்பாடம்.

---

பெட்ஷீட்மாமா எழுதியது:

தங்கச்சி, உங்கள் கேள்விக்கு ஒற்றை வார்த்தையில் பதில் கிடையாது. எடுக்கிறார்கள், ஆனால் எடுப்பது ஓட்டல் இல்லை. கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள், இன்றைக்கு எனக்கு வீக் ஆஃப்.

நான் 1997-இல் தர்மபுரியிலிருந்து வந்து மெஜஸ்டிக்கில் இறங்கினேன். காந்திநகரில் 44 ரூம் உள்ள லாட்ஜ். முதலாளி குந்தாப்புராக்காரர். சமையல், கேஷ் எல்லாம் அவர் ஊர்ப் பையன்கள்; மாடியும் வாளியும் நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பையன்கள். மொத்தம் 22 பேர். அத்தனை பேரும் முதலாளியின் நோட்டில் பெயர் உள்ளவர்கள். சம்பளம் சொற்பம், திட்டு தாராளம். ஆனால் ஒன்று இருந்தது. மாடியில் ரூம் பாயாக இருந்தவன் கொஞ்சம் சூட்டிகையாக இருந்தால் ரிசப்ஷனில் நிற்க வைப்பார்கள். அங்கே கணக்குப் படித்தால் மேனேஜர். எனக்கு முன்னால் அப்படி மூன்று பேர் ஏறினார்கள். நான் 2001-இல் அங்கிருந்து ஒரு நட்சத்திர ஓட்டலுக்கு ஹவுஸ்மேனாகப் போனேன், 2006-இல் சூப்பர்வைசர். இன்றைக்கு அவுட்டர் ரிங் ரோட்டில் 140 ரூம் உள்ள ஓட்டலில் ஹவுஸ்கீப்பிங் பொறுப்பு முழுக்க என்னிடம். பத்தாம் வகுப்புக்கு மேல் படித்ததில்லை.

இப்போது என் துறையின் கணக்கைப் பாருங்கள். மாடிகள், லாபி, லினன் ரூம் எல்லாம் சேர்த்து 38 பேர். அதில் ஓட்டலின் சொந்த ரோலில், அதாவது ஓட்டலே நேரடியாகச் சம்பளம் கொடுக்கும் பட்டியலில், இருப்பவர்கள் என்னையும் சேர்த்து 9. மிச்சம் 29 பேருக்கும் சம்பளம் போடுவது கான்ட்ராக்டர். நன்றாக வேலை செய்யும் ஒரு பையனை நான் சூப்பர்வைசராக்க நினைத்தால் என்னால் முடியாது, அவன் என் ஆள் இல்லை. நான் ஏறி வந்த ஏணியில் முதல் நான்கு படிகளை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மேலே உட்கார்ந்து இதைச் சொல்ல எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது.

இது திடீரென்று நடந்ததில்லை. இதே ஒயிட்ஃபீல்டில்தான் 2004-இல் இண்டிஒன் என்ற பெயரில் ஒரு ஓட்டல் திறந்தார்கள், பின்னாளில் ஜிஞ்சர் என்று பெயர் மாறியது. பெட்டியை நீயே தூக்கிக்கொண்டு போ, தண்ணீரை நீயே பிடித்துக்கொள், வாடகை குறைவு என்பதுதான் அதன் யோசனை. நாங்கள் எல்லாம் சிரித்தோம். பெல் பாய் இல்லாமல் ஓட்டலா என்று. கடைசியில் மொத்தத் தொழிலும் அந்தப் பக்கம்தான் நகர்ந்தது. ரூம் ஏறிக்கொண்டே போகும், ரூமுக்கு இத்தனை ஆள் என்ற கணக்கு இறங்கிக்கொண்டே போகும். நீங்கள் ரோட்டில் பார்க்கும் கட்டடமும் பொய் இல்லை, உங்கள் லைன் பையன்கள் சொல்வதும் பொய் இல்லை.

கொரோனா இதை ஒரே தள்ளாகத் தள்ளியது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ரோலில் இருந்த எங்களுக்குப் பாதிச் சம்பளமாவது வந்தது. கான்ட்ராக்ட் பையன்களுக்கு ஒரு போன் கால், அவ்வளவுதான். ஜார்க்கண்ட் பையன் ஒருவன், என்னிடம் நான்கு வருடம் வேலை பார்த்தவன், ஊருக்கு ரயில் எப்போது விடுவார்கள் என்று தினமும் எனக்கு போன் செய்வான். நான் என்ன சொல்ல? ஜூன் 8-ஆம் தேதி ஓட்டல் திறக்கலாம் என்றார்கள். பாதி ஆளோடு திறந்தோம். ஓடியது. ஓடுகிறதே என்று மேலே இருப்பவர்கள் பார்த்துவிட்டார்கள், அதுதான் வினை. சாயங்காலம் படுக்கை விரித்துவிட்டு சாக்லேட் வைக்கும் டர்ன்டவுன் நின்றது. தினம் பெட்ஷீட் மாற்றுவதும் நின்றது. தண்ணீரைச் சேமிப்போம், துண்டை மறுபடி பயன்படுத்துங்கள் என்று பாத்ரூமில் ஒரு பச்சை அட்டை இருக்கும், பார்த்திருப்பீர்கள். பூமிக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. அந்த அட்டை வந்த பிறகு எனக்கு ஒரு ஷிப்டுக்கு மூன்று கை குறைந்தது.

இன்னொன்று, பெங்களூருக்கே உரிய விஷயம். இங்கே ரூம் நிறைவது திங்களிலிருந்து வியாழன் வரை, எல்லாம் கம்பெனி ஆட்கள். வெள்ளி மத்தியானம் செக்-அவுட் முடிந்தால் ஞாயிறு ராத்திரி வரை பாதி மாடி காலி. மைசூரு, குடகு, சிக்கமகளூரு பக்கம் நேர் எதிர், அங்கே சனி ஞாயிறுதான் திருவிழா. ரோலில் இருப்பவனுக்கு இதனால் நல்லது, வார இறுதியில் வீக் ஆஃப் கிடைக்கும். கான்ட்ராக்ட் பையனுக்கு 'நாளைக்கு வராதே' என்று மெசேஜ் வரும். வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது. 16,500 என்று சொன்னார்களே, அது 26 நாளும் கூப்பிட்டால்தான். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பிப்ரவரியில் எலஹங்காவில் விமானக் கண்காட்சி நடக்கும்போது அதே கான்ட்ராக்டர் எங்கிருந்தோ முப்பது பேரைக் கொண்டுவந்து நிறுத்துவார். ஐந்து நாளில் அவர்கள் போய்விடுவார்கள்.

அதனால் ஓட்டல் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். பே ஸ்லிப்பில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ஏற்கெனவே அங்கே வேலை செய்யும் பையன் யாராவது கிடைத்தால் அவனுடைய பி.எஃப். பாஸ்புக்கை உமங் ஆப்பில் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் வேலை செய்தும் அதில் மூன்று நான்கு கம்பெனி பெயர் இருந்தால், கான்ட்ராக்டர் பெயரை மாற்றிக்கொண்டே இருக்கிறார் என்று அர்த்தம். கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது கிடைக்கும் பணிக்கொடை, ஒரே முதலாளியிடம் ஐந்து வருடம் முடித்தால்தான் வரும். பெயர் மாறினால் பையனுடைய கணக்கு ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்திருக்கின்றன. அதில் குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் நேரடியாக எடுக்கப்பட்டவருக்கு ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி உண்டு. எனவே ஓட்டலே ஒரு வருட ஒப்பந்தம் தருகிறேன் என்றால் அது கான்ட்ராக்டரை விட மேல். அப்ரெண்டிஸ் என்று சொன்னால் கவனம். அது ஊதியம் இல்லை, உதவித்தொகை, பி.எஃப். கிடையாது. ஒரு வருடம் கழித்து எத்தனை பேரைச் சேர்த்துக்கொண்டீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்ல அவர் கொஞ்சம் யோசித்தால் அதுவே பதில்.

படிப்பைப் பற்றி: நாலரை லட்சம் கட்டாதீர்கள். சேஷாத்ரி ரோட்டில் மத்திய அரசின் ஐ.ஹெச்.எம்., ஓட்டல் மேனேஜ்மென்ட் கல்லூரி, இருக்கிறது. நுழைவுத் தேர்வு எழுதினால் மூன்று வருட பி.எஸ்சி. தம்பிக்கு அதில் மனம் இருந்தால் ஒரு வருடம் போனாலும் பரவாயில்லை, முயற்சி செய்யட்டும். இல்லையென்றால் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் 'ஹுனர் சே ரோஸ்கார் தக்' குறுகிய காலப் பயிற்சி, காசு வாங்க மாட்டார்கள். அடுத்து எப்போது ஆரம்பிக்கிறார்கள் என்று அங்கேயே நேரில் போய்க் கேளுங்கள். 'நூறு சதவீதம் வேலை' என்ற கல்லூரியிலிருந்து வந்த பட்டதாரி ஒருவன் என்னிடம் கான்ட்ராக்ட்டில் 15 ரூம் துடைக்கிறான். பக்கத்து மாடியில் எட்டாவது படித்த பையனும் அதே 15 ரூம், அதே சம்பளம். பட்டதாரி என்னைப் பார்க்கும்போதெல்லாம் தரையைப் பார்ப்பான்.

---

ஆண்டர்சன்பேட்டைக்காரி எழுதியது:

அண்ணா, இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். 'சுரங்கத்திலும் கடைசியில் கான்ட்ராக்ட் ஆள்தான் அதிகம்' என்று ஒரு வரி சொல்லிவிட்டு டி.வி. பார்க்கப் போய்விட்டார்.

ஒரு சந்தேகம். தம்பிக்குப் பேச்சு நன்றாக வரும். ரிசப்ஷன் பக்கம் முயற்சி செய்யலாமா?

---

நைட் ஷிப்ட் எழுதியது:

ப்ரண்ட் ஆபீசில் ஒன்பது வருடமாக இருக்கிறேன், நான் சொல்கிறேன். லிங்கராஜபுரம் பெண்.

நான் சேர்ந்தபோது ஒரு ஷிப்டுக்கு டெஸ்க்கில் நான்கு பேர், டெலிபோன் ஆபரேட்டர் தனி, ரிசர்வேஷனுக்கு ஒரு ரூம் நிறையப் பெண்கள். இப்போது ரிசர்வேஷன் வேறு ஊரில் இருக்கும் கால் சென்டருக்குப் போய்விட்டது. விருந்தினர் போனிலேயே செக்-இன் செய்துவிட்டு வருகிறார். டெஸ்க்கில் இரண்டு பேர், ராத்திரி நான் ஒருத்தி. அன்றைய கணக்கை முடிக்கும் நைட் ஆடிட்டும் நானே, '412-இல் ஏசி ஓடவில்லை' என்பதும் நானே. வீட்டுக்கு வண்டி கொடுக்கிறார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் உங்கள் தம்பிக்கு ஒரு பலம் இருக்கிறது. கே.ஜி.எஃப். பையன்களுக்குத் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் வரும், ஆங்கிலமும் பயமில்லாமல் பேசுவார்கள். ஹிந்தி மட்டும் கொஞ்சம் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள், மாடிகளில் இப்போது அதுதான் ஓடுகிறது. கன்னடம் எழுதப் படிக்கத் தெரிந்திருப்பதும் முக்கியம். 2024 ஜூலையில் உள்ளூர்க்காரர்களுக்கு நிர்வாக வேலையில் 50, மற்ற வேலையில் 70 சதவீதம் என்று ஒரு மசோதாவை மாநில அமைச்சரவை ஏற்றது, எதிர்ப்பு வந்து இரண்டே நாளில் நிறுத்தி வைத்தார்கள். நம் ஆட்கள் பலர் பயந்துபோனார்கள். அதில் உள்ளூர்க்காரர் என்பதற்குச் சொன்னது கர்நாடகத்தில் பிறப்பு, பதினைந்து வருட வசிப்பு, கன்னடம். தாய்மொழி எது என்று கேட்கவில்லை. எஸ்.எஸ்.எல்.சி.யில் கன்னடம் படித்த கே.ஜி.எஃப். பையன் அந்தக் கணக்கில் உள்ளூர்க்காரன்தான். மார்க் கார்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

ஸ்டூவர்ட் வேலையை யோசித்தால் ஒன்று. சர்வீஸ் சார்ஜில் மாதாமாதம் ஒரு பங்கு வரும் என்று ஆசை காட்டுவார்கள். அதைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று 2022-இல் நுகர்வோர் ஆணையம் சொன்னதை 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் சரி என்றது. சாப்பிடுபவருக்கு நியாயமான தீர்ப்பு. எங்கள் ரெஸ்டாரன்ட் பையன்களுக்கு அந்தப் பங்கு சுருங்கிவிட்டது, அடிப்படைச் சம்பளம் அதற்காக ஏறவில்லை.

---

காட்டன்பேட்டை 28 ரூம் எழுதியது:

எல்லோரும் பெரிய ஓட்டலையே பேசுகிறீர்கள். நான் சின்ன லாட்ஜ் மேனேஜர். எனக்கு இப்போதே மூன்று ரூம் பாய் வேண்டும், கிடைக்கவில்லை. எட்டு மாதமாக போர்டு தொங்குகிறது.

ஏன் வரமாட்டேன் என்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். முன்பெல்லாம் ரூம் பாய்க்குச் சம்பளத்தை விட டிப்ஸ் அதிகம். வாடகையைக் காசாகக் கொடுப்பார்கள், மிச்சச் சில்லறை பையனுக்கு. இப்போது எல்லாம் யு.பி.ஐ., யாரிடமும் சில்லறை இல்லை. பையனுடைய க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து இருபது ரூபாய் போடுபவரை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆப்பில் வரும் புக்கிங்கில் அவர்கள் கமிஷன் போக நமக்கு வருவது எவ்வளவு என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆயிரம் ரூபாய்க்குக் கீழே உள்ள ரூமுக்கு வரியே இல்லாமல் இருந்தது. 2022 ஜூலையில் 12 சதவீதம் போட்டார்கள். 2025 செப்டம்பரில் 5 ஆக இறக்கினார்கள், ஆனால் லாண்டரிக்கும் மற்றதற்கும் கட்டும் வரியைக் கழித்துக்கொள்ள முடியாது.

அப்புறம், பெங்களூருக்கு வேலை தேடி வருபவன் முன்னே மாதக்கணக்கில் லாட்ஜில் தங்குவான். இப்போது முதல் நாளே பி.ஜி.க்கு, சாப்பாட்டோடு மாத வாடகைக்குத் தங்கும் விடுதிக்கு, போய்விடுகிறான். லாட்ஜ் வேலை தேடுபவர்கள் பி.ஜி.யையும் பார்க்கலாம், அங்கே சமையல், வார்டன் என்று ஆள் எடுத்தபடியே இருக்கிறார்கள். என் மச்சான் தர்மஸ்தலா பக்கம் லாட்ஜ் வைத்திருக்கிறான். 2023 ஜூனில் பெண்களுக்கு பஸ் இலவசமான பிறகு அவனுக்குக் கூட்டம் தாங்கவில்லை, ஆள் தேடி எனக்கு போன் செய்கிறான். என்னிடமே இல்லை, அவனுக்கு எங்கே அனுப்ப?

---

பெட்ஷீட்மாமா எழுதியது:

காட்டன்பேட்டைக்காரர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அவரிடம் ஒன்று கேட்க வேண்டும். எட்டு மாதமாகத் தொங்கும் அந்த போர்டில் எத்தனை மணி நேர வேலை என்று எழுதியிருக்கிறதா? 12,000 என்பது எட்டு மணி நேரத்துக்கா, இல்லை ராத்திரி இரண்டு மணிக்குப் பெல் அடித்தாலும் எழுந்திருக்கும் பதினாறு மணி நேரத்துக்கா? நான் மொட்டை மாடியில் படுத்தவன். மழை வந்தால் லிஃப்ட் ரூமுக்குள் ஓடுவோம்.

2012 ஆகஸ்டில் வதந்திக்குப் பயந்து வடகிழக்குப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் ரயிலேறிப் போனார்களே, அந்த வாரம் எங்கள் மாடியில் பாதி ஆள் இல்லை. ஜெனரல் மேனேஜரே கோட்டைக் கழற்றிவிட்டுப் படுக்கை விரித்தார். அவருக்கு மூலை மடிக்கத் தெரியவில்லை. நாங்கள் பின்னாலேயே போய் மறுபடி விரித்தோம். அவர்கள் திரும்பி வந்தபோது சம்பளம் ஆளுக்குக் கொஞ்சம் ஏறியிருந்தது, போர்டு எதுவும் தொங்கவிடவில்லை.

---

காட்டன்பேட்டை 28 ரூம் எழுதியது:

எழுதவில்லை. முதலாளியிடம் கேட்கிறேன்.

---

ஆண்டர்சன்பேட்டைக்காரி எழுதியது:

அண்ணா, நீங்கள் சொன்னபடி பக்கத்து லைன் பையன் ஒருவனுடைய பாஸ்புக்கைத் திறந்து பார்த்தோம். ஒயிட்ஃபீல்டில் ஒரே ஓட்டலில் நான்கு வருடம். மூன்று கம்பெனி பெயர் இருக்கிறது. அவனுக்கே தெரியவில்லை.

ஐ.ஹெச்.எம்.முக்கும் போய்க் கேட்டுவிட்டு வந்தோம். தம்பி நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறேன் என்கிறான். ஆனால் அதுவரை சும்மா உட்கார மாட்டானாம். ஒயிட்ஃபீல்டில் இன்னொரு ஓட்டலில் நேரடியாக ஒரு வருட ஒப்பந்தத்தில் ஹவுஸ்கீப்பிங் ஆள் எடுக்கிறார்கள், 17,000, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. போகக் கையில் எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்கியிருக்கிறோம். ஒயிட்ஃபீல்டு எங்கள் ரயில் பாதையிலேயே இருப்பதால் தினம் போய் வந்துவிடலாம் இல்லையா?

---

பெட்ஷீட்மாமா எழுதியது:

காலை ஷிப்ட் என்றால் விடியற்காலை ரயிலைப் பிடித்து வந்துவிடலாம், ஸ்டேஷன் பக்கத்திலேயே மெட்ரோவும் இருக்கிறது. ஆனால் மத்தியான ஷிப்ட் முடிய ராத்திரி பதினொன்று ஆகும். அந்த நேரத்துக்குக் கே.ஜி.எஃப். எப்படிப் போவான்? புதுப் பையனுக்கு வாரம் மூன்று நாளாவது அந்த ஷிப்ட்தான் போடுவார்கள், நானும் அப்படித்தான் போடுவேன். ஸ்டாஃப் ரூம் உண்டா, அதற்குச் சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பார்கள் என்று கேளுங்கள். இல்லையென்றால் காடுகோடியில் கே.ஜி.எஃப். பையன்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ரூம் எடுத்திருப்பார்கள். ரயிலில் விசாரித்தாலே தெரிந்துவிடும்.

கறுப்பு ஷூ ஒன்று சொந்தமாக வாங்கிக்கொள்ளட்டும், அடி வழுக்காததாக. ஓட்டலில் கொடுக்கும் ஷூ அளவு சரியாக இருக்காது. ஒரு நாளைக்கு 15 ரூம் என்றால் முதல் வாரமே குதிகாலில் கொப்புளம் வந்துவிடும். கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த ஒப்பந்தத்தின் படத்தை எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். திங்கள், செவ்வாய் வேண்டாம், எனக்கு செக்-இன் கூட்டம். வெள்ளி மத்தியானம் அனுப்பினால் உட்கார்ந்து படிக்கிறேன்.